படத்துக்கு பிரேம் போடும் முன்: சேலத்திலும் ஏற்காட்டிலும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

அஸ்தம்பட்டி பக்கம் எங்கள் பிரேம் பட்டறைக்கு இரண்டு விதமான வீடுகளிலிருந்து படங்கள் வரும். ஒன்று, வெயிலும் தூசியும் ஓயாத சேலம் டவுன் வீடு. இன்னொன்று, 20 கொண்டை ஊசி வளைவு ஏறி சுமார் 1,500 மீட்டர் உயரத்துக்குப் போனால் வரும் ஏற்காட்டு வீடு, மழைக்காலத்தில் அங்கே சுவரைத் தொட்டாலே கையில் ஈரம் தட்டும். நடுவில் 30 கிலோமீட்டர்தான், ஆனால் ஒரே மாதிரி பிரேம் இரண்டு இடத்துக்கும் சரிப்பட்டு வராது. வருகிறவர்கள் எல்லோரும் முதலில் பீடிங், அதாவது பிரேமின் சுற்றுச் சட்டம், அதன் டிசைனைத்தான் கேட்கிறார்கள். என்னைக் கேட்டால் அது கடைசி முடிவு. படம் எதன் மேல் இருக்கிறது, எந்தச் சுவருக்குப் போகிறது, நாளைக்கு சேதமில்லாமல் கழற்ற முடியுமா என்பதை முதலில் பார்ப்போம், பீடிங் எங்கேயும் ஓடிவிடாது.

படத்துக்கு கண்ணாடி கட்டாயம் போடணுமா? சில பேர் போடாமலே மாட்டியிருக்காங்களே?

காகிதத்தில் இருப்பது எதுவானாலும் போடுங்கள். வாட்டர்கலர், பென்சில், அச்சுப்படம், போட்டோ எல்லாம் இதில் அடக்கம். காகிதம் தூசியையும் ஈரத்தையும் இழுத்து வைத்துக்கொள்ளும், அப்புறம் துடைக்கவும் முடியாது. துணியில் வரைந்த படம், எம்ப்ராய்டரி இவற்றுக்கும் இதேதான்.

கேன்வாஸில் எண்ணெய் வண்ணமோ அக்ரிலிக்கோ என்றால் கண்ணாடி வேண்டாம், மேலே அடிக்கும் வார்னிஷே காப்பு. நீங்கள் பார்த்த கண்ணாடி இல்லாத படங்கள் பெரும்பாலும் இந்த வகையாகத்தான் இருக்கும். எண்ணெய் வண்ணம் உள்வரை காய மாதக்கணக்கில் ஆகும் என்பதால் வரைந்த கையோடு கொண்டுவந்து அவசரப்படுத்தாதீர்கள்.

கண்ணாடி நல்லதா, அக்ரிலிக் நல்லதா?

எடையில் பாதிக்குப் பாதி வித்தியாசம். 2 மில்லிமீட்டர் கண்ணாடி ஒரு சதுர மீட்டருக்கு 5 கிலோ, அதே கனத்தில் அக்ரிலிக் 2.4 கிலோ. 2 அடிக்கு 3 அடி படம் என்றால் கண்ணாடி மட்டுமே ஏறக்குறைய 2.8 கிலோ வந்துவிடும், பிரேமும் பின்பலகையும் அதற்கு மேல். பெரிய படம், குழந்தைகள் படுக்கும் இடம், பஸ்ஸில் மலைக்கு எடுத்துப் போக வேண்டிய படம், இதற்கெல்லாம் அக்ரிலிக் சொல்வேன். மற்றபடி கண்ணாடிதான், ஏனென்றால் அக்ரிலிக்கில் கீறல் விழும், உலர்ந்த துணியால் தேய்த்தால் தூசியை இன்னும் இழுக்கும். பாஸ்டல் என்கிற பொடி வண்ணக் குச்சியாலோ கரியாலோ வரைந்த படங்களுக்கு அக்ரிலிக் கூடவே கூடாது, தேய்க்கும்போது அதில் ஏறும் மின்னூட்டம் பொடியையே தாளிலிருந்து மேலே இழுத்துவிடும்.

புற ஊதா தடுக்கிற கண்ணாடி போட்டா கலர் மங்காதுன்னு சொல்றாங்களே, நிஜமா?

மெதுவாக மங்கும், அவ்வளவுதான். சாதாரணக் கண்ணாடி புற ஊதாக் கதிரில் பெரும்பகுதியை உள்ளே விட்டுவிடும், நல்ல தடுப்புக் கண்ணாடி 99 சதவீதம் வரை நிறுத்தும். ஆனால் கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சமும் சாயத்தை வெளுக்க வைக்கும், அதை நிறுத்தினால் படமே தெரியாது. அருங்காட்சியகங்களில் காகிதத்துக்கும் துணிக்கும் 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவோடு விளக்கை அடக்கி வைப்பது வழக்கம், நேர் வெயிலோ ஒரு லட்சம் லக்ஸ் வரை போகும். சித்திரை வெயில் மூன்று மணிக்கு நேராக அடிக்கிற சுவரில் வாட்டர்கலரை மாட்டிவிட்டு விலையுயர்ந்த கண்ணாடி போடுவதை விட, எதிர்ச்சுவருக்கு மாற்றுவது மேல், செலவும் இல்லை.

பிரதிபலிப்பு வராத சொரசொரப்புக் கண்ணாடி பற்றியும் கேட்பார்கள். அது படத்தை ஒட்டி இருந்தால்தான் தெளிவாகத் தெரியும், மவுண்ட் (படத்தைச் சுற்றி வைக்கும் அட்டை) போட்டு இடைவெளி விட்டால் படம் பனி மூடியதுபோல் மங்கலாகிவிடும். ஏற்காட்டில் அந்தப் பனி ஏற்கெனவே ஜன்னலுக்கு வெளியே இருக்கிறது.

மவுண்ட்டுனு ஒரு அட்டை வெக்கறீங்களே, அது அழகுக்கா இல்ல பில்லை ஏத்தவா?

அழகு இரண்டாவது காரணம். முதல் காரணம், கண்ணாடி படத்தைத் தொடக்கூடாது என்பது. கண்ணாடியின் உட்புறத்தில் நீர் கோக்கும்போது ஒட்டியிருக்கும் காகிதம்தான் அதை முதலில் குடிக்கும், போட்டோ என்றால் அப்படியே ஒட்டிக்கொள்ளும். சுமார் ஒன்றரை மில்லிமீட்டர் கனமுள்ள மவுண்ட் போர்டு அந்த இடைவெளியைக் கொடுக்கிறது. மவுண்ட் வேண்டாம் என்றால் பிரேமின் ஓரத்தில் கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவே மெல்லிய பட்டை வைக்கச் சொல்லுங்கள்.

அட்டையில் அமிலமில்லாதது எது என்று கேட்டு வாங்குங்கள். மலிவான அட்டை சில வருடங்களில் சாய்வாக வெட்டிய ஓரத்தில் பழுப்பாகி, அந்தப் பழுப்புக் கோட்டை படத்தின் மேலேயே பதித்துவிடும். அகலம் நடுத்தரப் படத்துக்கு 2 முதல் 3 அங்குலம், கீழ்ப்பக்கம் கொஞ்சம் கூட இருந்தால் பார்க்க நன்றாக இருக்கும். ஒரு அங்குல மவுண்ட் மட்டும் வேண்டாம், பிரேம் படத்தை நெருக்குகிற மாதிரி இருக்கும். நிறம் என்றால் எனக்குத் தெரிந்தது மங்கல் வெள்ளை. சோபா கலருக்குப் பொருத்தமாக மெரூன் கேட்பவர்கள் சோபாவை மாற்றும்போது மறுபடியும் வருவார்கள், எங்களுக்கு நல்லதுதான்.

படத்தை அட்டையில எப்படி ஒட்டுவீங்க? செலோடேப் போதுமா?

போதாது, கூடவும் கூடாது. செலோடேப்பின் பசை மஞ்சளாகி காகிதத்துக்குள் ஊறிவிடும், அந்தக் கறை போகாது. இரண்டு பக்கமும் ஒட்டுகிற டேப்பும் சேலம் வெயிலில் இளகிவிடும். பிரேமுக்குள்ளேயே படம் சரிந்து விட்டது என்று கொண்டுவருகிற பிரேம்களைத் திறந்தால் பெரும்பாலும் இதுதான் இருக்கும். சரியான முறை, மேல் ஓரத்தில் இரண்டு இடத்தில் மட்டும் மெல்லிய கைவினைக் காகிதத் துண்டு வைத்து, கோதுமை மாவுப் பசையால் தொங்கவிடுவது. காகிதம் ஈரத்துக்கு விரியும், வெயிலுக்குச் சுருங்கும். நான்கு பக்கமும் ஒட்டினால் நடுவில் அலை அலையாக எழும்பி நிற்கும். போட்டோவுக்கு நான்கு மூலையிலும் காகித மூலை செருகினாலே போதும், பசையே வேண்டாம்.

ஜவ்வரிசி ஊரில் உட்கார்ந்துகொண்டு மாவுப் பசையைக் குறை சொல்லக்கூடாதுதான். ஆனால் அந்தக் காலத்தில் மைதா காய்ச்சி படத்தின் முதுகு முழுக்கப் பூசினார்களே, அது ராமபாணப் பூச்சிக்கும் கரப்பானுக்கும் போட்ட விருந்து. இப்போது சொல்கிற பசை, கோதுமை மாவிலிருந்து குளூட்டன் என்கிற புரதத்தை நீக்கிய ஸ்டார்ச், அதுவும் விரல் நுனி அளவு.

மர நாரை அழுத்திச் செஞ்ச எம்.டி.எஃப் பலகைல ஒட்டி லேமினேஷன் பண்ணிட்டா கண்ணாடியே வேணாமே, ஸ்டூடியோல அப்படித்தான் தர்றாங்க?

கல்யாண போட்டோவுக்கு, பைல் உங்கள் கையில் இருக்கிறவரை, தாராளமாகச் செய்யுங்கள். கெட்டுப்போனால் இன்னொரு பிரிண்ட். ஆனால் உலகத்தில் ஒன்றே ஒன்று இருக்கிற எதையும், அதாவது தாத்தா காலத்துப் படம், கையால் வரைந்தது, பழைய அச்சு, இதில் ஒட்டவே வேண்டாம். சூடு வைத்து ஒட்டியதை உரிக்க முடியாது. ஏற்காட்டில் இன்னொரு சிக்கலும் உண்டு, எம்.டி.எஃப் ஓரம் ஈரத்தைக் குடித்து ரொட்டி மாதிரி உப்பிவிடும்.

தேக்கு, ஃபைபர், அலுமினியம்: எது வாங்குறது?

ஃபைபர் பீடிங் என்று கடையில் சொல்வது பிளாஸ்டிக் வகை. ஈரமும் கரையானும் அதை ஒன்றும் செய்யாது, விலையும் குறைவு. ஆனால் பெரிய கண்ணாடிப் படத்துக்கு ஒல்லியான ஃபைபர் போட்டால் கீழ்க்கட்டை தொய்ந்து மூலை விட்டுப்போகும். 2 அடிக்கு மேல் என்றால் மரமோ அலுமினியமோ பாருங்கள். ஒல்லியாக, நேர்கோடாக, போஸ்டருக்கும் போட்டோவுக்கும் அலுமினியம் எடுப்பாக இருக்கும். தேக்கு கனமான படங்களுக்கும் தலைமுறை தாண்டி இருக்கவேண்டிய படங்களுக்கும்.

பீடிங்கின் உள்பள்ளத்தின் ஆழத்தையும் பாருங்கள். கண்ணாடி, மவுண்ட், படம், பின்பலகை எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். அடங்காததை ஆணி அடித்து அமுக்கினால் கண்ணாடி விரிசல் விடும்.

எங்க எஸ்டேட்ல சில்வர் ஓக் அறுத்து வெச்சிருக்கோம், அதுலயே பண்ணலாமா?

காப்பிக்கு நிழல் தருகிற மரம், ஏற்காட்டில் பஞ்சமே இல்லை, பலகையின் ரேகையும் அழகு. நன்றாகக் காய்ந்திருந்தால் பண்ணலாம். மரம் நீளவாக்கில் அதிகம் மாறாது, அகலவாக்கில்தான் சுருங்கும். மலையில் ஈரத்தோடு வெட்டிச் சேர்த்த பிரேமை சேலத்தில் கொண்டுவந்து மாட்டினால் கோடைக்குள் நான்கு மூலையிலும் உள்பக்கமாக வாய் திறக்கும். அதனால் பிரேம் எந்த ஊரில் தொங்கப்போகிறதோ அந்த ஊரில் கட்டையை நிழலில் அடுக்கி வைத்துக் காயவிட்டு, அப்புறம் வெட்டச் சொல்லுங்கள்.

படம் மவுண்ட்டோட 6 அடி சொச்சம்தான் சுத்தளவு வருது, நீங்க 7 அடி சொச்சம் பில் போடறீங்களே?

நியாயமான கேள்வி. 12க்கு 18 அங்குலப் படம் என்று வையுங்கள். 2 அங்குல மவுண்ட் சுற்றிலும் வைத்தால் 16க்கு 22, சுற்றளவு 76 அங்குலம். மூலையை 45 பாகையில் வெட்டுவதால் ஒவ்வொரு கட்டைக்கும் இரண்டு முனையிலும் பீடிங் அகலம் கூடுதலாக வேண்டும், மொத்தம் எட்டு முறை. பீடிங் ஒன்றரை அங்குலம் என்றால் 12 அங்குலம். ஆக 88 அங்குலம், 7 அடி 4 அங்குலம். அகலமான பீடிங் எடுத்தால் அடி ரேட்டோடு அடியும் கூடுவது இதனால்தான். இதற்கு மேல் ஒரு அடி போட்டால் கடைக்காரரைக் கேளுங்கள்.

ஏற்காட்டுல வீடு. எத்தனை தடவை மாத்தினாலும் கண்ணாடிக்குள்ள புள்ளி புள்ளியா வந்துடுது, ஏன்?

பூஞ்சணம். காற்றில் ஈரம் 65, 70 சதவீதத்தைத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் அது கிளம்பிவிடும். தென்மேற்குப் பருவமழை, அது முடிந்ததும் வடகிழக்கு, நடுவில் பனி என்று ஏற்காட்டில் அதற்கு ஓய்வே இல்லை. பெரும்பாலும் தப்பு சுவரில் இருக்கும். வெளிச்சுவர், அதுவும் பழைய பங்களாக்களின் கல்சுவர், உள்ளே இருக்கிற காற்றை விடக் குளிர்ந்திருக்கும், படத்தின் பின்னால் நீர் கோக்கும். அதனால் இரண்டு அறைகளுக்கு நடுவில் உள்ள சுவரில் மாட்டுங்கள். கணப்புக்கு மேலே மட்டும் வேண்டாம், அங்கே ஒரு நாள் வறட்சி, மறுநாள் ஈரம், கூடவே புகை.

பின்பக்கத்தில் நான்கு மூலையிலும் கால் அங்குலக் கார்க் துண்டு ஒட்டினால் சுவருக்கும் பிரேமுக்கும் நடுவே காற்று ஓடும். இந்த ஒரு வேலைக்கு ஆகிற செலவு ஒன்றுமில்லை, ஆனால் யாரும் செய்வதில்லை. பின்பலகையாக ஹார்ட்போர்டுக்குப் பதில் நெளிவு பிளாஸ்டிக் ஷீட்டோ சன்போர்டோ (நுரை பிளாஸ்டிக் பலகை) வைத்து, சுற்றிலும் டேப் போட்டு அடைக்க வேண்டும். முக்கியமானது, மழை நாளில் பிரேம் போடாதீர்கள். காகிதமும் அட்டையும் அன்றைக்குக் குடித்த ஈரத்தை உள்ளேயே வைத்து அடைத்துவிடுவோம். மாசி, பங்குனி சரியான காலம், அல்லது படத்தைக் கீழே சேலத்துக்குக் கொண்டுவந்து இரண்டு நாள் உலரவிட்டுப் போடலாம். உள்ளே சிலிக்கா பொட்டலம் வைக்கச் சொல்கிறார்கள், அடைக்காத பிரேமில் அது சீக்கிரமே நிறைந்துபோய் சும்மா கிடக்கும்.

ஏற்கெனவே வந்துவிட்டால் ஈரத்துணியால் துடைக்க வேண்டாம், பரவும். முகக்கவசம் போட்டுக்கொண்டு வெளியே வைத்துத் திறந்து, நிழலில் உலரவிட்டு, மென்மையான பிரஷ்ஷால் தட்டுங்கள். பழைய மவுண்ட்டையும் பின்பலகையையும் திரும்பப் பயன்படுத்தாதீர்கள்.

தஞ்சாவூர் ஓவியத்துக்கும் இதே மாதிரி செஞ்சா போதுமா?

மேலே சொன்ன சுவர் விஷயம் எல்லாம் பொருந்தும், மவுண்ட் பொருந்தாது. அது மரப்பலகையின் மேல் துணி ஒட்டி, சுண்ணப்பொடியும் பசையும் சேர்த்து மேடாக்கி, கல் பதித்து, தங்க ரேக்கு ஒட்டியது. கண்ணாடி அந்த மேட்டைத் தொடாதபடி ஆழமான பெட்டி பிரேம் வேண்டும். பலகை ஈரத்தில் வளைந்தால் சுண்ண வேலை வெடிக்கும், அதனால் ஏற்காட்டுக்கு எடுத்துப் போகிறவர்களிடம் இரண்டு முறை யோசிக்கச் சொல்வேன். எடை அதிகம், ஒற்றை ஆணியில் தொங்கவிடாதீர்கள்.

பாட்டியோட வெள்ளிக் கொலுசை பிரேம் பண்ணி மாட்டலாமா?

சேலத்தில் இதைக் கேட்காவிட்டால்தான் ஆச்சரியம். ஆழப் பெட்டி பிரேமில் செய்யலாம். வெள்ளி கறுப்பது கந்தகத்தால், அதனால் ரப்பர் பசையும் கம்பளித் துணியும் உள்ளே வரக்கூடாது. பருத்தித் துணி சுற்றிய பலகையில், கொலுசின் கண்ணிகளை நூலால் நாலைந்து இடத்தில் கட்டிவிட்டால் போதும், என்றைக்காவது பேத்தி கேட்டால் அறுத்துக் கொடுத்துவிடலாம். வெண்பட்டு அங்கவஸ்திரம், பழைய சேலை முந்தானை எல்லாமே இப்படித் தைத்துத்தான் வைக்க வேண்டும், ஒட்டக்கூடாது.

எவ்வளவு உயரத்துல மாட்டணும்? எங்க வீட்டுல எல்லாம் உத்தரத்துக்குப் பக்கத்துல இருக்கு.

படத்தின் நடுப்புள்ளி தரையிலிருந்து 57 முதல் 60 அங்குலத்தில் இருந்தால் நின்று பார்க்கச் சரி. 58 என்று வைத்துக்கொண்டு, படத்தின் பாதி உயரத்தைக் கூட்டி, பின்னால் கட்டிய கம்பியை இழுத்துப் பிடித்தால் மேல் ஓரத்திலிருந்து எவ்வளவு கீழே நிற்கிறதோ அதைக் கழியுங்கள். 30 அங்குலப் படம், கம்பி 3 அங்குலம் கீழே என்றால் ஆணி 70 அங்குலத்தில். சோபாவுக்கு மேலே என்றால் சாய்மானத்திலிருந்து 6, 8 அங்குலம் விட்டு மாட்டுங்கள்.

உத்தரத்துக்குப் பக்கத்தில் மாட்டியதற்கும் காரணம் இருந்தது. அந்தப் படங்களை மேலே கயிறு கட்டி முன்பக்கம் சாய்த்துத்தான் மாட்டியிருப்பார்கள், அண்ணாந்து பார்த்தாலும் முகம் தெரியும், கண்ணாடியில் வெளிச்சமும் அடிக்காது. சாய்க்காமல் அந்த உயரத்தில் வைப்பதுதான் வீண்.

வாடகை வீடு, ஓனர் ஆணி அடிக்கக்கூடாதுங்கறார்.

ஒட்டுப் பட்டைகள் எமல்ஷன் அடித்த சுவரில் லேசான படங்களைத் தாங்கும். சுண்ணாம்போ டிஸ்டெம்பரோ அடித்த சுவரில் பொடியோடு பெயர்ந்து வந்துவிடும், நள்ளிரவில் சத்தம் கேட்கும். கண்ணாடிப் படத்தை அதில் மாட்டவே வேண்டாம், ஷோகேஸ் மேல் சாய்த்து வையுங்கள், அதுவும் பார்க்க அழகுதான்.

சொந்த வீடுதான், ஆனா ஆணி நிக்கவே மாட்டேங்குது.

ஆணி பூச்சுக்குள் மட்டும் இறங்கியிருக்கும். 6 மில்லிமீட்டர் துளை போட்டு, பூச்சைத் தாண்டி செங்கல்லுக்குள் போகிறபடி பிளாஸ்டிக் பிளக் வைத்து திருகாணி போடுங்கள். பெரிய படத்துக்கு ஒன்றுக்கு இரண்டு கொக்கி, படம் கோணாது. மலை பங்களாக்களின் கல்சுவரில் சுண்ணச் சாந்து உதிரும், அங்கே உறுதியான இரண்டு மூன்று இடத்தில் ஒரு மரச்சட்டத்தைப் பதித்து அதிலிருந்து சங்கிலியில் தொங்கவிடுவது நல்லது.

அப்பா படத்துக்கு தினமும் மாலை போடறோம், கீழ் ஓரம் நனைஞ்சு போட்டோ கறையாயிடுச்சு.

பூவின் ஈரம் கண்ணாடி வழியாக இறங்கி பிரேமின் கீழ்ப் பள்ளத்தில் தேங்கும், அங்கிருந்து காகிதம் உறிஞ்சும். மாலைக்குத் தனியாகச் சுவரில் இரண்டு கொக்கி வையுங்கள், பிரேமில் படாமல் தொங்கட்டும். சந்தனம் குங்குமத்தைத் துடைக்கும்போது துணியை நனையுங்கள், கண்ணாடி மேல் தண்ணீர் தெளிக்காதீர்கள். முடிந்தால் அசலை ஸ்கேன் செய்து பிரிண்டை மாட்டிவிட்டு அசலை பீரோவில் வையுங்கள், அப்பா கோபித்துக்கொள்ள மாட்டார்.

பழைய போட்டோ கண்ணாடியோட ஒட்டிக்கிச்சு, பிரிச்சுத் தருவீங்களா?

மாட்டேன். போட்டோவின் மேற்பரப்பில் ஜெலட்டின் இருக்கிறது, ஈரத்தில் அது பசையாகிவிட்டது. இழுத்தால் முகம் கண்ணாடியில் போய்விடும். தண்ணீரில் ஊறவைத்துப் பிரிக்கலாம் என்று சொல்பவர்கள் உண்டு, சில வகைக்கு அது பலிக்கும், கையால் வண்ணம் தீட்டிய போட்டோவில் வண்ணமே கரையும். முதலில் கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்து வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் அசலில் கை வைக்க ஆவணப் பாதுகாப்பு தெரிந்தவரிடம் போக வேண்டும், பிரேம் கடைக்கு வேண்டாம்.

ரவி வர்மா லட்சுமி படம், மாடர்ன் தியேட்டர்ஸ் காலத்து சினிமா போஸ்டர்னு பழசு ரெண்டு இருக்கு. பிரேமை மாத்தலாமா?

ரவி வர்மா 1894இல் தொடங்கிய அச்சகத்தின் கல்லச்சுப் படங்கள் பல வீட்டுப் பூஜையறைகளில் இன்றும் உண்டு, பின்னால் வந்த நகல்கள் அதைவிட அதிகம். எதுவானாலும் பழைய பிரேமை எறிய வேண்டாம், ஓரங்களை வெட்ட வேண்டாம், கீழ் ஓரத்தில் அச்சக விவரம் இருக்கலாம். படத்தைப் பழுப்பாக்குவது பெரும்பாலும் பின்னால் இருக்கும் மரப்பலகையின் அமிலம். அதை எடுத்துவிட்டு நடுவில் அமிலமில்லாத அட்டை வைத்து, அதே பிரேமில் திரும்ப அடைக்கலாம். கரையான் தின்ற பிரேம் மட்டும் விதிவிலக்கு.

போஸ்டர் மடிப்பில் கிழிந்திருக்கும். இஸ்திரி போடாதீர்கள், பின்னால் டேப் ஒட்டாதீர்கள். மடிப்போடு அப்படியே மவுண்ட் வைத்து, பெரிய அளவு என்பதால் அக்ரிலிக் போட்டு மாட்டினாலே கம்பீரமாக இருக்கும். துணி ஒட்டிப் பலப்படுத்துகிற வேலை ஒன்று உண்டு, அதைச் செய்கிறவர் கழற்றக்கூடிய பசைதான் போடுகிறாரா என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள். இழுத்துப் பேசினால் போஸ்டரைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.